"லேப்ல நெட் வரல": விலேன், ஃபயர்வால் விதிக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி

பள்ளி, மருத்துவமனை, மில் ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஆரம்பத்தில் ஒரே நெட்வொர்க்தான் இருக்கும். கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டர், வாசல் கேமரா, வருகிறவர் போகிறவர் போன் எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். ஒரு நாள் உட்கார்ந்து விலேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) போட்டுப் பிரித்து, எது எதோடு பேசலாம் என்று நடுவில் விதிகளையும் எழுதுவோம். மறுநாள் காலையில் போன் வரும்: "சார், லேப்ல நெட் வரல." அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கலாம்.

பலர் அப்போது முதலில் கை வைப்பது விதியில்தான். 'எல்லாவற்றையும் அனுமதி' என்று ஒரு வரியைத் தலையில் சேர்த்துப் பார்ப்பார்கள். சரியாகாது, ஏனென்றால் கோளாறு ட்ரங்க்கில், அதாவது பல விலேன்களைச் சேர்த்துச் சுமந்து இரண்டு ஸ்விட்ச்சுகளை இணைக்கும் வழியில், இருக்கும். கடைசியில் ட்ரங்க்கைச் சரிசெய்ததும் நெட் வந்துவிடும், அந்த அனுமதி வரி மட்டும் மறந்துபோய் அங்கேயே தங்கிவிடும். இப்படித் தங்கிய ஒரு வரியால், மாணவர்கள் உட்காரும் லேப்பிலிருந்து கேமரா ரெக்கார்டரின் லாகின் பக்கம் பல மாதம் திறந்தே கிடந்ததை ஒரு பள்ளியில் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் வரிசை மாறுவதே இல்லை. போர்ட்டும் ட்ரங்க்கும் முதலில், கேட்வே (ஒரு விலேனிலிருந்து வெளியே போகும் வாசல்) அடுத்து, விதி கடைசியில்.

எடுத்துக்காட்டுக்கு அப்படி ஒரு பள்ளியையே வைத்துக்கொள்வோம். விலேன் 10 அலுவலகம், 20 லேப், 30 கேமரா, 40 விருந்தினர் வைஃபை, 99 ஸ்விட்ச் நிர்வாகம். ஐபியும் அதே எண்ணில்: லேப் என்றால் 192.168.20.0, அதன் கேட்வே 192.168.20.1. கேட்வேக்கள் எல்லாம் அலுவலக அறையில் இருக்கும் லேயர் 3 ஸ்விட்ச்சில் (விலேன்களுக்கு நடுவில் தரவைக் கடத்தத் தெரிந்த ஸ்விட்ச்). லேப் கட்டடத்தில் இன்னொரு ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவில் ஒரு ட்ரங்க் கேபிள். கம்ப்யூட்டர்களுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியும், பெயரை ஐபியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ்ஸும் 192.168.10.5 என்ற ஒரே சர்வரில். கட்டளைகள் சிஸ்கோ பாணியில் இருக்கும். போனில் சொல்லிக்கொள்வதுபோல் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கோளாறான கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஐபி வந்திருக்கிறது? சொந்த கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதா? கேட்வேக்கு அந்தப் பக்கம் போகிறதா? இந்தப் பதில்களை வைத்துத்தான் கீழே எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஐபி 169.254 என்று தொடங்குகிறது

டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கம்ப்யூட்டர் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். கேட்டது போய்ச் சேரவில்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை. எந்தப் பாதியில் கோளாறு என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் 192.168.20.200 என்று கையால் ஐபி போட்டு, கேட்வேக்குப் பிங் அடியுங்கள். பிங் போனால் போர்ட்டும் ட்ரங்க்கும் நன்றாகவே இருக்கின்றன, டிஹெச்சிபி பக்கம் மட்டும் பார்த்தால் போதும். போகவில்லை என்றால் டிஹெச்சிபியை மறந்துவிட்டு விலேனைப் பாருங்கள்.

பிங் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். லேப் ஸ்விட்ச்சில் 'ஷோ விலேன் ப்ரீஃப்' அடித்தால், எந்தப் போர்ட் எந்த விலேனில் இருக்கிறது என்று தெரியும். நீங்கள் 20-இல் போட்ட போர்ட் இன்னும் 1-இலேயே இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. கேபிளை இடம் மாற்றிச் செருகியிருப்பார்கள். சுவரில் எழுதிய எண்ணும் பேட்ச் பேனல் எண்ணும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை, அதனால் மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) வைத்து 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' பார்த்துவிடுவது நல்லது. கண்ணால் பார்த்த கேபிளைவிட அந்தப் பட்டியலை நம்பலாம்.

போர்ட் சரியாக இருந்தால் அடுத்தது ட்ரங்க். இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடித்தால் திரையில் நான்கு பகுதிகள் வரும். முதலாவது, போர்ட் உண்மையிலேயே ட்ரங்க்காக இருக்கிறதா, நேட்டிவ் விலேன் (டேக், அதாவது விலேன் எண் குறி, இல்லாமல் வருவது சேரும் விலேன்) எது என்று சொல்லும். இரண்டாவதில், இந்த ட்ரங்க்கில் நீங்கள் அனுமதித்த விலேன்கள். மூன்றாவதில், அனுமதித்தவற்றில் இந்த ஸ்விட்ச்சில் உண்மையாகவே உருவாக்கப்பட்டு இயங்குபவை. நான்காவதில், அவற்றிலும் ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் சுழலாகிவிடாமல் சில வழிகளை மூடிவைக்கும் ஏற்பாடு) தடுக்காமல் இப்போது போய்க்கொண்டிருப்பவை. மேலிருந்து கீழே ஒவ்வொன்றிலும் 20 இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பகுதியில் காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு.

போர்ட்டே பட்டியலில் இல்லை என்றால் அது ட்ரங்க் ஆகவே இல்லை. இரண்டு பக்கமும் 'டைனமிக் ஆட்டோ' என்று விட்டால் இரண்டும் மற்றது கேட்கட்டும் என்று காத்திருந்து, ஆக்சஸ் போர்ட்டாகவே (ஒரே ஒரு விலேனுக்கான சாதாரணப் போர்ட்) நின்றுவிடும். இரண்டு பக்கமும் 'ஸ்விட்ச்போர்ட் மோடு ட்ரங்க்' என்று வெளிப்படையாகப் போடுங்கள்.

இரண்டாவது பகுதியில் 20 இல்லை என்றால், பெரும்பாலும் 'ஆட்' என்ற ஒரு சொல்தான் காரணம். ஏற்கெனவே 10, 20, 99 அனுமதித்த ட்ரங்க்கில் புதிதாகக் கேமராவைச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுடு விலேன் 30' என்று அடித்தால், 30 சேராது. பழைய பட்டியல் முழுதும் அழிந்து 30 மட்டும் நிற்கும். லேப், அலுவலகம், நிர்வாகம் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும், அந்த ட்ரங்க் வழியாகத்தான் நீங்கள் உள்ளே வந்திருந்தால் உங்கள் இணைப்பும் சேர்ந்து போகும். 'அலவுடு விலேன் ஆட் 30' என்பதுதான் சரி. யார் கற்றுக்கொள்ள வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பகுதியில் காணோம் என்றால், அந்த ஸ்விட்ச்சில் விலேன் 20 உருவாக்கப்படவே இல்லை. ஆக்சஸ் போர்ட்டில் இல்லாத விலேன் எண்ணைக் கொடுத்தால் சிஸ்கோ ஸ்விட்ச் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ட்ரங்க்கில் அப்படி நடக்காது. ஆகவே இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று இருந்து, அதில் லேப் போர்ட் எதுவும் இல்லாவிட்டாலும், அங்கேயும் 'விலேன் 20' என்று உருவாக்கியாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஸ்விட்ச்சை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி பிங் போகிறது, டிஹெச்சிபி மட்டும் வரவில்லை என்ற நிலை. டிஹெச்சிபி கேட்பு ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்குமான கூப்பாடு), அது விலேனைத் தாண்டாது. சர்வர் விலேன் 10-இல் இருக்க, லேப் 20-இல் கூப்பிட்டால் அங்கே கேட்காது. கேட்வேயில், அதாவது விலேன் 20 இன்டர்ஃபேஸில், 'ஐபி ஹெல்பர்-அட்ரஸ் 192.168.10.5' என்று இருக்க வேண்டும். கேட்வே அந்தக் கேட்பில் தன் 192.168.20.1-ஐ எழுதி சர்வருக்கு அனுப்பும், சர்வர் அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து (கொடுக்க ஒதுக்கிய ஐபி வரிசை) ஐபி கொடுப்பது என்று முடிவு செய்யும். 192.168.20-க்கு ஸ்கோப் போடாமல் விட்டிருந்தால் சர்வர் பேசாமல் இருந்துவிடும். டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதி இல்லாத டிஹெச்சிபி சர்வரின் பதிலைத் தடுக்கும் காவல்) போட்டிருந்தால், சர்வரை நோக்கிப் போகும் அப்லிங்க் போர்ட்டை 'ட்ரஸ்ட்' ஆக்கினீர்களா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் சர்வரின் பதிலை ஸ்விட்ச்சே தூக்கிப் போட்டுவிடும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஐபி வராமல், ஒரு நிமிடம் கழித்துக் கேபிளைப் பிடுங்காமல் மறுபடி கேட்டால் மட்டும் வருகிறதா? பழைய வகை ஸ்பேனிங் ட்ரீ ஒரு போர்ட்டைத் திறக்க 15-உம் 15-உம் ஆக 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கம்ப்யூட்டர் கேட்டுச் சலித்துவிடும். கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளில் மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' போடுங்கள். இன்னொரு ஸ்விட்ச் செருகும் போர்ட்டில் வேண்டாம்.

ஐபி வருகிறது, ஆனால் வேறு விலேனின் ஐபி

பிரவுசரில் அமைக்கும் சிறிய ஸ்மார்ட் ஸ்விட்ச்சுகளில் இது அடிக்கடி வரும். அவற்றில் ஒரு போர்ட்டை விலேன் 20-இல் வைக்க இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் அந்தப் போர்ட் விலேன் 20-இன் 'அன்டேக்டு' உறுப்பினர் என்று. இன்னொரு பக்கத்தில் அதன் பிவிஐடி 20 என்று. முதலாவது, ஸ்விட்ச்சிலிருந்து கம்ப்யூட்டருக்கு வெளியே போவதை முடிவு செய்யும். பிவிஐடி, கம்ப்யூட்டரிலிருந்து டேக் இல்லாமல் உள்ளே வருவது எந்த விலேன் என்று முடிவு செய்யும். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்தால், வரவு ஒரு விலேனிலும் போக்கு இன்னொரு விலேனிலும் ஆகிவிடும். அந்தப் போர்ட்டைப் பழைய விலேன் 1-இலிருந்தும் எடுக்காமல் விட்டிருந்தால், கம்ப்யூட்டர் கேட்டது விலேன் 1-க்குப் போய், விலேன் 1-இன் ஐபி வந்து உட்காரும். ஆகவே மூன்று வேலை: 20-இல் அன்டேக்டாகச் சேர், பிவிஐடியை 20 ஆக்கு, 1-இலிருந்து நீக்கு.

ஸ்விட்ச்சில் எல்லாம் சரி, ஆனால் ஐபி நீங்கள் எங்குமே வைக்காத 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் வருகிறதா? யாரோ வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையில் உங்கள் கேபிளைச் செருகியிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் 'ஏஆர்பி -ஏ' அடித்து அந்தக் கேட்வேயின் மேக் முகவரியை எடுத்து, ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில் தேடினால் எந்தப் போர்ட் என்று காட்டிவிடும்.

நேட்டிவ் விலேன் இரண்டு பக்கமும் வேறுபட்டாலும் இப்படிக் கலக்கும். ஒரு முனையில் நேட்டிவ் 1, மறுமுனையில் 99 என்றால், டேக் இல்லாமல் போகும் பாக்கெட் அந்தப் பக்கம் வேறு விலேனாக இறங்கும். இரண்டும் சிஸ்கோ என்றால் ஸ்விட்ச்சே லாக்கில் 'நேட்டிவ் விலேன் மிஸ்மேட்ச்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். வேறு வேறு கம்பெனி ஸ்விட்ச்சுகள் என்றால் எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் இரண்டு பக்கமும் திறந்து பார்க்க வேண்டும்.

சொந்த கேட்வேக்குப் பிங் போகிறது, அடுத்த விலேனுக்குப் போகவில்லை

விதிகளைத் திறக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

லேயர் 3 ஸ்விட்ச்சுகள் பலவற்றில் 'ஐபி ரவுட்டிங்' என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் விலேன்களுக்கு நடுவில் பாக்கெட்டைக் கடத்தும். அது இல்லாமலும் ஒவ்வொரு விலேனுக்கும் ஐபி வைக்க முடியும், பிங்குக்கும் பதில் சொல்லும். அதனால் எல்லாம் தயார் என்றே தோன்றும்.

அடுத்து 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்'. விலேன் 30 இன்டர்ஃபேஸ் 'டவுன்' என்று இருந்தால், அந்த விலேனில் உயிருள்ள போர்ட் ஒன்றுகூட இந்த ஸ்விட்ச்சில் இல்லை என்று பொருள். ஒரு ஆக்சஸ் போர்ட்டாவது, அந்த விலேனைக் கடத்தும் ட்ரங்க்காவது இயங்கினால்தான் அது எழுந்திருக்கும்.

மூன்றாவது, எதிர்முனைக் கருவியின் கேட்வே. கேமரா ரெக்கார்டர், கைரேகை வருகைப் பதிவு மெஷின், பழைய பிரிண்டர் போன்றவற்றில் ஐபியைக் கையால் போடுகிறவர்கள் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்காக இருந்தபோது அது தேவைப்படவே இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. விலேன் பிரித்த அன்றுதான் வெளியே வரும். ஒரு இடத்தில் வருகைப் பதிவு மெஷினுக்காக இரண்டு மணி நேரம் ஏசிஎல்லை (ஸ்விட்ச்சில் எழுதும் விதிப் பட்டியல்) வரி வரியாகப் படித்துவிட்டு, கடைசியில் ஏணி போட்டு ஏறி அந்த மெஷினின் சின்னத் திரையைத் தட்டிப் பார்த்தேன். கேட்வே 0.0.0.0. பாக்கெட் அதுவரை போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது, பதில் சொல்ல அதற்கு வழி தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: லேயர் 3 ஸ்விட்ச்சிலிருந்து சாதாரணமாகப் பிங் அடித்தால் அந்தக் கருவி இருக்கும் விலேனின் முகவரியிலிருந்தே போகும், பதில் வரும். அதே பிங்கை 'சோர்ஸ் விலேன் 10' என்று சேர்த்து அடியுங்கள். முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லை என்றால், முதல் சந்தேகம் அந்தக் கருவியின் கேட்வே அல்லது மாஸ்க் மீது.

நான்காவது, விண்டோஸின் சொந்த ஃபயர்வால். டொமைனில் சேராத கம்ப்யூட்டரில், பிங்கையும் ஃபைல் ஷேரிங்கையும் அனுமதிக்கும் விதிகள் வழக்கமாக 'லோக்கல் சப்நெட்' (தன் சொந்த ஐபி வரிசை) என்ற எல்லைக்குள் மட்டும்தான் அனுமதிக்கும். நேற்று ஒரே சப்நெட், திறந்தது. இன்று வேறு சப்நெட், திறக்காது. ஸ்விட்ச்சில் நீங்கள் எத்தனை விதியை மாற்றினாலும் இது மாறாது. அந்த விதியின் 'ஸ்கோப்' பகுதியில் 192.168.10.0/24-ஐச் சேர்க்க வேண்டும்.

விதி எழுதியதும் எல்லாமே நின்றுவிட்டது, அல்லது எதுவுமே நிற்கவில்லை

இப்போதுதான் விதிக்கு வருகிறோம். லேப்பிலிருந்து இணையம் வேண்டும், டிஎன்எஸ் வேண்டும், அலுவலகமும் கேமராவும் தெரியவே கூடாது. அதற்கு நான் எழுதுவது இப்படி (பெர்மிட் என்றால் அனுமதி, டினை என்றால் மறு, ஈக்யூவுக்குப் பின் வருவது போர்ட் எண்; 67, 68 டிஹெச்சிபிக்கு, 53 டிஎன்எஸ்ஸுக்கு):

10 பெர்மிட் யுடிபி எனி ஈக்யூ 68 எனி ஈக்யூ 67
20 பெர்மிட் யுடிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.10.5 ஈக்யூ 53
30 பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.10.5 ஈக்யூ 53
40 பெர்மிட் ஐசிஎம்பி 192.168.20.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.1
50 டினை ஐபி 192.168.20.0 0.0.0.255 192.168.0.0 0.0.255.255
60 பெர்மிட் ஐபி 192.168.20.0 0.0.0.255 எனி

விலேன் 20 இன்டர்ஃபேஸில் 'இன்' திசையில் இதைப் போடுகிறேன்.

ஸ்விட்ச் மேலிருந்து படிக்கும், முதலில் பொருந்தும் வரியோடு நிறுத்திவிடும். 50-ஐயும் 60-ஐயும் இடம் மாற்றினால் 50-க்கு வேலையே இருக்காது, எதுவும் நிற்காது. கடைசி வரியை விட்டுவிட்டால் எல்லாமே நின்றுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு பட்டியலின் கீழேயும் 'எல்லாவற்றையும் மறு' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. 10-ஆவது வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கவனியுங்கள். ஐபி கேட்கும் கம்ப்யூட்டருக்கு இன்னும் ஐபி கிடையாது, 0.0.0.0-இலிருந்து பேசுகிறது. '192.168.20 வரிசையை அனுமதி' என்ற எந்த வரியும் அதற்குப் பொருந்தாது. ஏற்கெனவே ஐபி வாங்கியவர்களுக்கு நெட் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் புதிதாக ஆன் செய்தவர்களுக்கு மட்டும் வராது. "சிலருக்கு வருது, சிலருக்கு வரல" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்த வரிதான் ஞாபகம் வரும். 40-ஆவது வரி நமக்காக. அது இல்லாவிட்டால் கேட்வே பிங்கே நின்று, மேலே சொன்ன மூன்று கேள்விச் சோதனை நம்மைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

திசையில் பலர் குழம்புவார்கள். ஸ்விட்ச்சுக்குள் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லேப் கம்ப்யூட்டர்களிடமிருந்து உங்களை நோக்கி வருவது 'இன்'. உங்களிடமிருந்து லேப்புக்குப் போவது 'அவுட்'. மேலே உள்ள பட்டியலை 'அவுட்' திசையில் போட்டால், லேப்புக்குப் போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி 192.168.20 ஆக இருக்காது என்பதால் எந்த வரியும் பொருந்தாது, அந்தத் தெரியாத கடைசி வரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அந்த 0.0.0.255-ஐயும் பாருங்கள். இது சப்நெட் மாஸ்க்கின் தலைகீழ். பழக்க தோஷத்தில் 255.255.255.0 என்று அடித்தால் ஸ்விட்ச் தவறு என்று சொல்லாது. 'கடைசி எண் 0 ஆக இருக்கும் எந்த முகவரியும்' என்று அதைப் புரிந்துகொள்ளும். அப்படி ஒரு கம்ப்யூட்டர் உங்களிடம் இருக்காது, ஆகவே விதி யாருக்கும் பொருந்தாது. இயங்கும் கான்ஃபிகில் (ஸ்விட்ச்சின் இப்போதைய அமைப்பு) அந்த வரி '0.0.0.0 255.255.255.0' என்று மாறி நிற்கும், அதுதான் அடையாளம்.

அப்புறம், அலுவலகத்தில் இருக்கும் ஆசிரியர் லேப் கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்க வேண்டும் என்பார். அலுவலகத்திலிருந்து போவதற்குத் தடை ஏதும் இல்லை, ஆனால் திறக்காது. ஸ்விட்ச்சில் இருக்கும் ஏசிஎல்லுக்கு ஞாபகம் கிடையாது. தனி ஃபயர்வால் பெட்டி என்றால், உள்ளே போன இணைப்பைக் குறித்துவைத்துக்கொண்டு அதன் பதிலைத் தானே விட்டுவிடும். ஸ்விட்ச்சுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் புதிது. லேப் அனுப்பும் பதில் 50-ஆவது வரியில் மோதி விழுகிறது. இதற்கு 45 என்ற எண்ணில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'பெர்மிட் டிசிபி 192.168.20.0 0.0.0.255 192.168.10.0 0.0.0.255 எஸ்டாப்ளிஷ்டு'. ஏசிகே (பெற்றேன்) அல்லது ஆர்எஸ்டி (முறி) குறி உள்ள டிசிபி பாக்கெட்டை மட்டும் இது விடும், லேப்பிலிருந்து புதிதாகத் தொடங்கும் இணைப்பை விடாது. பிங் பதிலுக்கு 'எக்கோ-ரிப்ளை' என்று தனி வரி தேவை. யுடிபிக்கு இப்படி எதுவும் கிடையாது. ஞாபகம் தேவைப்படும் விதிகள் கூடிக்கொண்டே போனால், அந்த இரண்டு விலேனுக்கும் நடுவில் உண்மையான ஃபயர்வாலையே வைத்துவிடுங்கள். ஸ்விட்ச் ஏசிஎல்லை நாற்பது வரிக்கு இழுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அது புரியாது.

எந்த வரியில் பாக்கெட் விழுகிறது என்று பார்க்க 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' அடியுங்கள், வரிக்கு எதிரே எத்தனை பொருந்தின என்ற எண்ணிக்கை வரும். சில ஸ்விட்ச்சுகளில் ஹார்டுவேரிலேயே கடந்துபோகும் பாக்கெட் இதில் எண்ணப்படாது. எண்ணிக்கை ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து விதி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இன்னொன்று, 'அவுட்' திசையில் போட்ட விதியை ஸ்விட்ச்சுக்குள்ளிருந்தே பிங் அடித்துச் சோதிக்காதீர்கள். ஸ்விட்ச் தானே உருவாக்கும் பாக்கெட்டை அந்த விதி பார்ப்பதில்லை. சோதனை எப்போதும் உண்மையான கம்ப்யூட்டரிலிருந்துதான்.

பிங் போகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை

ஐபி போட்டால் திறந்து பெயர் போட்டால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது 20, 30-ஆவது வரிகள். எதைப் போட்டாலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும்.

எடுத்துக்காட்டில் ஒன்றை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வோம்: அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு கேட்வே ஃபயர்வால் பெட்டி, 192.168.10.254. லேப்புக்கு கேட்வே ஸ்விட்ச். இப்போது அலுவலகத்திலிருந்து லேப்புக்குப் போகும் பாக்கெட் ஃபயர்வால் வழியாகப் போகும். லேப்பின் பதில் ஸ்விட்ச்சிலிருந்து நேரே அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், ஃபயர்வால் அதைப் பார்க்காது. பிங்குக்கு இது பரவாயில்லை. டிசிபியில் முதல் கேள்வியைப் பார்த்த ஃபயர்வால், பதிலைப் பார்க்காமலே மூன்றாவது பாக்கெட் வரக்கண்டு, ஏதோ தப்பு என்று தள்ளிவிடும். இதை விதி சேர்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். ஸ்விட்ச்சுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத ஒரு தனி விலேன் வையுங்கள். அலுவலகத்தின் கேட்வேயையும் ஸ்விட்ச்சுக்கே மாற்றுங்கள். ஃபயர்வாலில் 192.168.10, 20, 30, 40 எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச்சை நோக்கி ரூட் எழுதுங்கள். ரூட்டை மறந்தால், உள்ளுக்குள் எல்லாம் போகும், இணையம் மட்டும் வராது.

போனில் பிரிண்டர் தெரியவில்லை

வைஃபையில் இருக்கும் போன், பிரிண்டரைத் தேடுவது எம்டிஎன்எஸ் வழியாக. 224.0.0.251 என்ற முகவரிக்கு 5353 போர்ட்டில் போகும் அந்தக் கூப்பாடு விலேனைத் தாண்டாது, எந்த ஏசிஎல்லாலும் தாண்ட வைக்க முடியாது. ஃபயர்வாலிலோ வைஃபை கன்ட்ரோலரிலோ எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டர் (அந்தக் கூப்பாட்டை அடுத்த விலேனுக்கும் எடுத்துச் சொல்வது) இருந்தால் அதை இயக்குங்கள், கூடவே பிரிண்டரின் ஐபிக்கு ஒரு அனுமதி விதியும் வேண்டும்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் செத்துவிட்டது

'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' பார்த்தால் 'எர்-டிசேபிள்டு' என்று இருக்கும். யாரோ அங்கே ஒரு சின்ன ஸ்விட்ச்சைச் செருகி பிபிடியு கார்டு (வேறு ஸ்விட்ச் வந்தால் போர்ட்டை மூடும் காவல்) மூடியிருக்கும், அல்லது போர்ட் செக்யூரிட்டி (ஒரு போர்ட்டில் எத்தனை கருவி என்ற வரம்பு) எண்ணிக்கை தாண்டியிருக்கும். காரணத்தை நீக்கிவிட்டு 'ஷட்', 'நோ ஷட்'. காரணத்தை நீக்காமல் திறந்தால் மறுபடி மூடிக்கொள்ளும்.

விதி போட்ட நொடியில் நீங்களே வெளியே நிற்கிறீர்கள்

தூரத்திலிருந்து வேலை செய்யும்போது இதற்கு முன்னேற்பாடு உண்டு. சிஸ்கோவில் முதலில் இப்போதுள்ளதைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுங்கள். பிறகு மாற்றத்தைச் செய்யுங்கள். வெளியே தள்ளப்பட்டால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்'. ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு', மைக்ரோடிக்கில் சேஃப் மோடு இதே வேலையைச் செய்யும். மைக்ரோடிக்கில் பிரிட்ஜின் விலேன் ஃபில்டரிங்கை ஆன் செய்யும் அந்த ஒரு டிக் பலரை வெளியே தள்ளியிருக்கிறது, சேஃப் மோடு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். முன்னேற்பாடு செய்யவில்லை என்றால் கன்சோல் கேபிளோடு நேரில் போவது ஒன்றுதான் வழி. சிஸ்கோவுக்கு வேகம் 9600.

கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி

நேற்றுவரை நன்றாக ஓடியது, இரவு கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை, காலையில் லேப் இல்லை. 'ஷோ விலேன் ப்ரீஃப்' அடித்தால் விலேன் 20, 30 எல்லாம் பெயரோடு அப்படியே இருக்கும். ஆனால் போர்ட்டுகள் அத்தனையும் விலேன் 1-இல் கிடக்கும். விலேன் பட்டியல் ஃப்ளாஷில் தனிக் கோப்பில் உடனுக்குடன் எழுதப்படுகிறது, அதனால் அது தப்பித்தது. போர்ட்டு அமைப்பும் ஏசிஎல்லும் இயங்கும் கான்ஃபிகில் மட்டும் இருந்தன, யாரும் 'ரைட் மெமரி' கொடுக்கவில்லை. பிரவுசர் வழி ஸ்விட்ச்சுகள் சிலவற்றிலும் 'அப்ளை' ஒரு பொத்தான், 'சேவ்' வேறு பொத்தான்.

இப்போது மறுபடி எல்லாவற்றையும் போடத்தான் வேண்டும். போட்டு முடித்ததும், சேமித்துவிட்டு, 'ஷோ ரன்' வெளியீட்டை முழுதாக நகல் எடுத்து தேதி போட்டு வையுங்கள். எந்தப் போர்ட் எந்த அறை என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.